ஆலய வாசலில் நின்று திரும்பியவர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஒழுங்கையிலே இரண்டு மணியோசைகள் கேட்கும். ஒன்று பிள்ளையார் கோயிற் பூசை மணி. மற்றையது சந்திக்கு அப்பாலுள்ள கிறிஸ்தவ ஆலயத்தின் மணி. அந்த இரண்டாவது மணி ஒலிக்கத் தொடங்கியதும், வெள்ளை வேட்டியும் நாஷனலும் அணிந்து, வேதாகமத்தைக் கையிலேந்தி, என் வீட்டுப் படலையைக் கடந்து செல்வார் எனது அயலவரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். பல ஆண்டுகளாக அவருடன் மனைவியும் மகனும் சென்றார்கள். மனைவியார் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இப்பொழுது அவர் தனியாகவே செல்கிறார்.

சென்ற மாதம் ஒருநாள் மாலை அவர் வந்து எங்கள் விறாந்தையில் அமர்ந்தார். தேநீர் ஆறிப்போகும் வரை வேறு விஷயங்களையே பேசிக்கொண்டிருந்தார். பின்னர், “தம்பி, நீர் சைவர், ஆனபடியால் உம்மிடம் கேட்க எனக்கு வெட்கமில்லை. என் மகன் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். கடவுளையே விட்டுவிட்டானோ என்று பயமாயிருக்கிறது. நான் எங்கே பிழை விட்டேன்?” என்று கேட்டார்.

அன்று என்னால் விடை கூற இயலவில்லை. நான் இந்துக் கல்லூரி ஒன்றிலே சரித்திரமும் ஆங்கில இலக்கியமும் கற்பிப்பவன், போதகன் அல்லன். ஆயினும் அவருடைய கேள்வி என்னை விடவில்லை. நான் படித்த நூல்களிலே இதே வாசலில் நின்று திரும்பிச் சென்றவர்கள் சிலரை அறிவேன். அவர்களுடைய வாழ்க்கையை மீண்டும் எடுத்துப் படித்தேன். அப்பெரியவருக்குச் சொல்ல நினைத்தவற்றையே வாசகர்களுக்கும் இங்கே கூறுகிறேன்.

வாங்குகளும் வாசல்களும்

முதலிலே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மக்கள் ஆலயத்தை விட்டு விலகுவது இக்காலத்துப் புதுமை அன்று. “அக்காலத்தில் எல்லாரும் ஒழுங்காகக் கோயிலுக்குப் போனார்கள்” என்று பெரியோர் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். விக்டோரியா மகாராணியின் ஆட்சியில், சமயப்பற்று மிகுந்த காலமென்று நாம் கருதும் 1851 ஆம் ஆண்டில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழிபாட்டுக்குச் செல்வோரைக் கணக்கெடுத்தார்கள். மார்ச் 30 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை ஒவ்வோர் ஆலயத்திலும் எண்ணப்பட்ட அத்தொகையைக் கொண்டு, ஹொரஸ் மான் என்னும் அதிகாரி அறிக்கை எழுதினார். சென்றிருக்கக் கூடியவர்களாக இருந்தும் செல்லாதோர் 52 லட்சத்துக்கு மேற்பட்டவர் என்பது அவருடைய மதிப்பீடு. படித்தோர் அதனைக் கண்டு திடுக்கிட்டனர்.

அவ்வறிக்கை கூறும் காரணங்களுள் ஒன்று நம் கவனத்துக்குரியது. அந்நாட்களில் ஆலயத்தின் நல்ல வாங்குகள் வாடகைக்கு விடப்பட்டிருந்தன. பணமுடையோர் தத்தம் குடும்பத்துக்கென ஒதுக்கிய இடங்களிலே அமர்ந்தனர். கூலித்தொழிலாளி பின்புறத்தில் ஏழைகளுக்கென விடப்பட்ட இடத்திலே ஒதுங்கி இருந்தான். வெளியே உள்ள ஏற்றத்தாழ்வு உள்ளேயும் தொடர்ந்து வருவதைக் கண்ட ஏழை, அந்த இடம் தனக்குரியதன்று என்று எண்ணி வராமல் விட்டான். இறைவன் இல்லை என்று வாதித்து அவன் விலகவில்லை. தனக்கு இருக்க இடமில்லை என்று கண்டே விலகினான்.

இதனை எழுதுகையில் என் சமயத்தவரின் குறையை மறைத்தல் நேர்மையன்று. 1968 ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே, உள்ளே சென்று வழிபட உரிமை கேட்டு நம்மவர் நின்றார்கள். சைவர்களே அவர்களை மறித்து நின்றார்கள். ஆகவே அயலவர் வீட்டுக் குறையைக் கண்டு மகிழும் தகுதி நமக்கில்லை.

தந்தையும் மகளும்

இனி, கற்றோருள் ஒருத்தியின் கதையைப் பார்ப்போம். ஜோர்ஜ் எலியட் என்ற ஆண்பெயரில் நாவல்கள் எழுதிப் புகழ்பெற்ற மேரி ஆன் எவன்ஸ், இளமையில் மிகுந்த பக்தியுடையவராக இருந்தார். தாயை இழந்தபின் தந்தையாரின் இல்லத்தைக் கவனித்துக்கொண்டு, 1841 இல் அவருடன் கொவென்ட்றி நகரின் அருகே குடியேறினார். அங்கே புதிய நண்பர்களும் புதிய நூல்களும் கிடைத்தன. கிறிஸ்தவத்தின் தோற்றத்தைச் சரித்திர முறையில் ஆராயும் நூல்களைப் படித்த அவருக்கு, தாம் நம்பிய பலவற்றை இனி நம்ப இயலாது என்று தோன்றியது. 1842 ஜனவரி 2 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, ஆலயத்துக்கு வர இயலாது என்று தந்தையிடம் கூறிவிட்டார். அப்பொழுது அவருக்கு வயது 22.

தந்தை இடிந்துபோனார். மகளுடன் பேசாதிருந்தார்; வீட்டைக் கைவிட்டு வேறிடம் செல்லவும் நினைத்தார். மகள் தந்தைக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினாள். தாம் உண்மையென்று கருதாத ஒன்றிலே பங்குகொள்வது போல நடிப்பது வஞ்சகம் என்பதும், தந்தையிடம் தாம் கொண்ட அன்பு சிறிதும் குறையவில்லை என்பதும் அதன் சாரம். சில வாரங்கள் அண்ணன் வீட்டிலே தங்கினாள். ஈற்றில் இருவரும் ஒரு சமாதானத்துக்கு வந்தனர். மகள் தந்தையுடன் ஆலயத்துக்கு வருவாள். அங்கு அமர்ந்திருக்கையில் அவள் எதை நினைக்கிறாள் என்று தந்தை கேட்கமாட்டார். அதன்பின் ஏழாண்டு காலம் அவர்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தார்கள். 1849 இல் தந்தை நோயுற்று இறக்கும்வரை இரவு பகலாகப் பணிவிடை செய்தவள் அந்த மகளே.

இவருடைய விலகலிலே வெறுப்பு இருந்ததா? சுவிசேஷங்களை ஆராயும் ஸ்ட்ரவுஸ் என்ற ஜெர்மானிய அறிஞரின் பெருநூலை அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1846 இல் வெளியிட்டார். சிலுவை மரணம் பற்றிய பகுதியை மொழிபெயர்த்தபோது அவர் மனம் நொந்தார் என்றும், எதிரே வைத்திருந்த கிறிஸ்துவின் உருவத்தைப் பார்த்தே அவ்வேலையைத் தாங்கிக்கொண்டார் என்றும் அவருடைய தோழி எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் 1859 இல் வெளிவந்த ஆடம் பீட் என்ற நாவலிலே, மெதடிஸ்த சபையைச் சேர்ந்த பெண் பிரசங்கி ஒருத்தியை அத்துணை அன்போடு படைத்தவர் இவரே. கொள்கையை விட்டார், அக்கொள்கையைப் பற்றி வாழ்ந்த எளிய மனிதரை அவர் விடவில்லை.

ஒரு குழந்தையின் கல்லறை

இரண்டாவது கதை சாள்ஸ் டார்வினுடையது. சிறிதாகத் தொடங்கி உயிர்கள் படிப்படியாக வளர்ந்தன என்ற கொள்கையே அவரை நாத்திகராக்கியது எனப் பலர் நினைக்கின்றனர். உண்மை அவ்வளவு எளிதன்று. அவர் குருவானவராகும் நோக்கத்தோடு கேம்பிரிட்ஜில் படித்தவர். பீகிள் கப்பலில் உலகைச் சுற்றியபோது, ஒழுக்கம் பற்றிய விஷயமொன்றில் வேதாகமத்தை ஆதாரங்காட்டிப் பேசியதற்காகக் கப்பல் அதிகாரிகள் அவரைப் பார்த்துச் சிரித்ததுண்டு.

1851 ஏப்ரல் 23 ஆம் திகதி, முன் கூறிய கணக்கெடுப்பு நடந்து மூன்று வாரங்கள் கழிந்து, அவருடைய மூத்த மகள் ஆனி பத்து வயதிலே இறந்தாள். மோல்வேர்ன் என்ற ஊரில் மருத்துவ சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த அவளருகே தந்தை இருந்தார். கருவுற்றிருந்த தாய் எம்மா தூரத்தே வீட்டிலிருந்து கடிதங்களுக்காகக் காத்திருந்தாள். அக்குழந்தையின் மரணத்தோடு அவரது நம்பிக்கையும் மாண்டது என்று சிலர் எழுதுவர். அவரோ, தமது அவநம்பிக்கை மிக மெதுவாகவே வந்தது என்று சுயசரிதையிற் குறிக்கிறார். வேறொரு முள்ளும் அவர் நெஞ்சிலே தைத்திருந்தது. நம்பாதவர்கள் நித்திய தண்டனைக்கு உள்ளாவர் என்ற போதனை உண்மையாயின், தம் தந்தையும் தமையனும் நெருங்கிய நண்பர்களும் அத்தண்டனைக்கு உரியராவர். அப்படிப்பட்ட போதனை உண்மையாக இருக்கவேண்டும் என்று ஒருவன் எவ்வாறு விரும்புவான் என்று அவர் கேட்டார். இந்தப் பகுதியை அச்சிடவேண்டாம் என்று எம்மா கேட்டுக்கொண்டமையால், 1887 இல் வெளிவந்த பதிப்பில் அது இடம்பெறவில்லை. பேர்த்தியார் நோரா பார்லோ 1958 இல் முழுநூலையும் வெளியிட்டபோதே உலகம் அதனைப் படித்தது.

ஞாயிறுதோறும் டார்வின் மனைவி மக்களுடன் ஆலயம் வரை நடந்து செல்வார். அவர்கள் உள்ளே வழிபட, தாம் வெளியே உலாவச் செல்வார் என்பர். எனினும் ஊர்க் குருவானவரின் நண்பராக இருந்து, கிராமத்து ஏழைகளுக்கான தருமங்களுக்கு உதவினார். மணமான புதிதிலே, கணவரின் ஐயங்களைக் குறித்து அஞ்சி எம்மா ஒரு கடிதம் எழுதியிருந்தாள். நித்திய வாழ்விலே தாம் இருவரும் பிரிய நேருமோ என்பதே அவள் துயரம். அந்தக் கடிதத்தை அவர் வாழ்நாள் முழுவதும் பாதுகாத்தார். அதனைப் பலமுறை முத்தமிட்டு அழுததாக அதன் அடியிலே அவர் எழுதிவைத்த குறிப்பு இன்றும் இருக்கிறது.

சுரங்கத்திலிருந்து துரத்தப்பட்டவர்

மூன்றாவது மனிதர் அறிவினால் விலகியவரும் அல்லர். துக்கத்தினால் விலகியவரும் அல்லர். ஓவியர் வின்சன்ட் வான் கோ ஒல்லாந்து தேசத்துப் போதகர் ஒருவரின் மகன். தாமும் போதகராக விரும்பி, பெல்ஜியத்தின் பொரினாஜ் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்கு 1878 இன் இறுதியிற் சென்றார். அங்கே தொழிலாளரின் வறுமையைக் கண்டு, கிறிஸ்து கூறியபடியே வாழத் துணிந்தார். உடைகளைக் கொடுத்தார், நல்ல தங்குமிடத்தை விட்டுக் குடிசையிலே வைக்கோலிற் படுத்தார், சுரங்க விபத்திற் காயமுற்றோருக்குப் பணிவிடை செய்தார். அவரை அனுப்பிய சபையார் இதனை மிதமிஞ்சிய ஆர்வம் என்று கருதினர். பிரசங்கஞ் செய்யும் திறமையும் போதாது என்றனர். 1879 ஜூலையில் அவருடைய நியமனம் நீடிக்கப்படாமல் முடிந்தது.

1881 ஆம் ஆண்டு நத்தார்த் தினத்தில் தந்தையின் ஆலயத்துக்குச் செல்ல வின்சன்ட் மறுத்தார். வாக்குவாதம் முற்றியது. வீட்டை விட்டுப் போகுமாறு தந்தை சொன்னார். மகன் அன்றே போய்விட்டார். ஊராருக்குப் போதித்துத் திரிந்த இரண்டு மனிதருக்கு ஒருவரோடொருவர் பேசத் தெரியவில்லை. பின்னர் மகன் வீட்டுக்குத் திரும்பிவந்து தங்கியதுண்டு. எனினும் பழைய புண் முற்றாக ஆறவில்லை. 1885 மார்ச்சில் தந்தை திடீரென இறந்தார்.

இக்காலக் கணக்கு

இவை பழைய கதைகள் என்று தள்ளிவிட முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தம்மைக் கிறிஸ்தவர் எனக் கூறியோர் 2011 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் நூற்றுக்கு 59.3 பேர், 2021 இல் 46.2 பேர். சமயம் எதுவுமில்லை என்றோர் அதே காலத்தில் 25.2 இலிருந்து 37.2 ஆகப் பெருகினர். ஜெர்மனியில் திருச்சபை வரி செலுத்தும் முறை இருப்பதால், விலக விரும்புவோர் அதனை அதிகாரிகளிடம் அறிவிக்கவேண்டும். 2022 ஆம் ஆண்டில் மாத்திரம் கத்தோலிக்க திருச்சபையிலிருந்து 522,821 பேர் அவ்வாறு வெளியேறினர்.

வரியை மிச்சப்படுத்த விலகியோரும் உளர். ஆனால் வேறொன்றும் உண்டு. குருமார் சிலர் சிறுவருக்கு இழைத்த கொடுமைகளை, ஜெர்மனியிலே ஆயர்களே செய்வித்து 2018 இல் வெளியிட்ட ஆய்வு அம்பலப்படுத்தியது. அயர்லாந்திலே 2009 இல் வெளிவந்த இரண்டு விசாரணை அறிக்கைகளும் அத்தகைய கொடுமைகளையும், அவை மறைக்கப்பட்ட விதத்தையும் வெளிப்படுத்தின. அவற்றைப் படித்து ஆலயத்தை விட்டுச் சென்ற தாய்மாரைப் பார்த்து, ‘உங்களுக்கு விசுவாசம் குறைவு’ என்று யார் சொல்லத் துணிவர்?

சோம்பலினால் விலகுபவர் இல்லையென்று நான் சொல்லவில்லை. ஊர் மாறியதால், இரவு வேலையால், ஞாயிறு வேறு கேளிக்கைகளுக்குரிய நாளாகியதால், ஒரு வாரம் தவறி மறுவாரமும் தவறிப் பின்னர் பழக்கமே அற்றுப்போனவர் மிகப் பலர். அவர்கள் எதனோடும் சண்டையிட்டு விலகியவர் அல்லர்.

உள்ளே இருந்தும் தொலைவில் இருந்தவர்

இவ்விடத்திலே இன்னொருவரையும் நினைக்கவேண்டும். கல்கத்தாவில் ஏழைகளுக்குத் தொண்டாற்றிய அன்னை திரேசாவின் அந்தரங்கக் கடிதங்கள், அவர் இறந்து பத்தாண்டுகளின் பின், 2007 இல் நூலாக வெளிவந்தன. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், இறைவன் தம்மருகே இருப்பதை அவர் உணரவில்லை. வெறுமையையே உணர்ந்தார் என்பது அவற்றால் தெரியவந்தது. ஒருநாளும் வழிபாட்டைத் தவறவிடாத அவர் நெஞ்சிலே அத்தகைய இருள் இருந்தது. திருச்சபை அவரை 2016 இல் புனிதர் என அறிவித்தது.

இதனால் நாம் அறிவது யாது? ஆலயத்துக்குள் இருப்பவரெல்லாம் இறைவனுக்கு அண்மையில் இருப்பதாக உணர்பவரும் அல்லர். வெளியே நிற்பவரெல்லாம் அவனைத் துறந்தவரும் அல்லர். ஆலயத்திலிருந்து விலகுதல் ஒன்று. இறைவனிடமிருந்து விலகுதல் வேறொன்று. நாம் இரண்டையும் ஒன்றாக்கி, வராதவனைக் குற்றவாளியாக நிறுத்துகிறோம். பொய் சொல்லக்கூடாது என்று வீட்டிலே கற்றவளே, நம்பாததை நம்புவதாக நடிக்க மறுத்தாள். அன்பு செய் என்று கற்றவனே, அன்பில்லாத தண்டனையை ஏற்க மறுத்தான். ஏழைக்குக் கொடு என்ற போதனையை அப்படியே நிறைவேற்றியவனைத்தான் சபை அனுப்பிவிட்டது. சமயம் புகட்டிய நல்லுணர்ச்சியே இவர்களை வாசலுக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தியது.

விலகியபின் நடப்பது பெரும்பாலும் வீட்டாரின் கையில் இருக்கிறது. கொவென்ட்றித் தந்தை ஒரு கேள்வியைக் கேளாமல் விட்டார். மகள் கடைசிவரை அவரருகே இருந்தாள். எம்மா தன் துயரத்தை மறைக்காமல், ஆனால் அன்போடு எழுதினாள்; அக்கடிதம் கண்ணீரோடு காக்கப்பட்டது. வான் கோவின் தந்தை கதவைக் காட்டினார்.

இவற்றையெல்லாம் சென்ற வாரம் என் அயலவருக்குக் கூறினேன். கூறியபின், “மாஸ்டர், மகன் ஏன் வருவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாக வராமல் விட்டான் என்று நினைவிருக்கிறதா?” என்று வினவினேன்.

அவர் நெடுநேரம் முற்றத்து வேம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லிய குரலில், “தாயை அடக்கஞ் செய்த அடுத்த ஞாயிறு. அன்று ஆலய வாசலிலே ஒரு பெரியவர் அவனைப் பிடித்து, இன்னும் உறுதியான விசுவாசத்தோடு ஜெபித்திருந்தால் தாய் பிழைத்திருப்பாள் என்று சொன்னார். நானும் பக்கத்திலேதான் நின்றேன். அவர் முகத்தை முறிக்கக்கூடாதென்று ஒன்றும் பேசவில்லை. மகன் என்னைப் பார்த்தான். பிறகு திரும்பி வீட்டுக்கு நடந்துவிட்டான்” என்றார்.

அவர் கேட்ட கேள்விக்கு அவரிடமே விடை இருந்தது. மூன்று ஆண்டுகளாக அதனை அவர் எடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் எழுந்து செல்லுமுன், வான் கோவின் கதையில் விடுபட்ட ஒரு பகுதியைச் சொன்னேன். தந்தை இறந்த ஆண்டின் ஒக்டோபரிலே வின்சன்ட் ஓர் ஓவியம் தீட்டினார். தந்தையின் பெரிய வேதாகமம் ஏசாயா 53 ஆம் அதிகாரத்தில் திறந்திருக்கிறது. பக்கத்திலே அணைந்த மெழுகுதிரி. முன்னே, மேசையின் ஓரத்தில், தந்தை விரும்பாத பிரெஞ்சு நாவல்களுள் ஒன்று, ஸோலா எழுதியது, மகன் விரும்பிப் படித்துக் கசங்கிய மஞ்சள் அட்டையோடு கிடக்கிறது. இன்று ஆம்ஸ்ரர்டாம் நகரில் வான் கோ நூதனசாலையிலே அப்படத்தைக் காணலாம். தந்தையின் நூலும் மகனின் நூலும் ஒரே மேசையில் இருக்கின்றன. அப்படி ஒரு மேசையில் அவ்விருவரும் அமர்ந்து பேசியிருக்கலாம். படம் தீட்டப்பட்டபோது தந்தை இல்லை.

“மாஸ்டர், நீங்கள் இருக்கிறீர்கள், மகனும் இருக்கிறான்” என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் படலையைச் சாத்திவிட்டுச் சென்றார். கடந்த ஞாயிறன்று ஆலய மணி ஒலித்தபோது வழக்கம்போல் எட்டிப் பார்த்தேன். அவரைக் காணவில்லை. சுகவீனமோ என்று அஞ்சி அவர் வீட்டுக்குச் சென்றேன். முன் விறாந்தையிலே தந்தையும் மகனும் எதிரெதிரே அமர்ந்திருந்தார்கள். மகன் பேசிக்கொண்டிருந்தான், தந்தை கேட்டுக்கொண்டிருந்தார். நான் உள்ளே செல்லாமல் திரும்பிவிட்டேன்.